கிணற்றுக்கு வருத்தம்

கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் மண்ணெண்ணெய் மணந்தது. பால் விடாத தேநீர், நல்ல சாயம், கையில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. எல்லாம் சரி. ஆனால் மேலே மெலிதாக, யாரோ விளக்கை ஊதி அணைத்துவிட்டு அந்தப் பக்கம் போனதுபோல ஒரு வாசனை. சட்டென்று எனக்கு ஏழு வயது. வடசென்னையில் எங்கள் தெரு அடிகுழாய். மழைக்குப் பிறகு வாளியில் விழும் தண்ணீரின் மேல் வண்ண வண்ணமாய் ஒரு படலம் சுழலும். வானவில் பிடித்துவிட்டதாக நானும் தங்கையும் கத்துவோம். அம்மா ஓடிவந்து வாளியைக் கவிழ்ப்பார். அழகாக இருப்பதை ஏன் கொட்டுகிறார் என்று அன்றைக்கெல்லாம் கோபம்.

"மணக்குதோ?" என்று கேட்டார் எனக்குத் தேநீர் போட்டுத் தந்த தர்மினி. நான் முகத்தை மாற்றிக்கொள்ளப் பிந்திவிட்டேன். "தேத்தண்ணி கீழை இருக்கிற அத்தான் வீட்டுத் தண்ணியிலைதான் போட்டது. கோப்பையை மட்டும் பழக்கத்திலை எங்கட கிணத்திலை கழுவிப்போட்டன்." கோப்பையை வாங்கிப் போய், மூடி போட்ட பிளாஸ்டிக் கானிலிருந்து தண்ணீர் சரித்துக் கழுவி, மறுபடி ஊற்றிக்கொண்டு வந்தார். இரண்டாவது கோப்பையில் தேயிலை வாசனை மட்டும் இருந்தது.

திருகோணமலைக்கு நான் வந்தது ஒரு குழாயைக் கொடுக்க. மண்ணையும் தண்ணீரையும் ஆராய்கிற என் தோழி வரவேண்டிய பயணம். படியில் கால் பிசகிப் படுத்துவிட்டாள். "உனக்குத்தான் ஒரு இடத்துல இருப்புக்கொள்ளாதே, நீ போ" என்று என் கையில் திணித்துவிட்டாள். முழ நீளத்துக்குக் கண்ணாடிபோலத் தெளிவான குழாய், அடியில் ஒரு சின்னக் கோலி. கிணற்றில் இறக்கினால் கோலி மேலே எழும்பித் தண்ணீரை உள்ளே விடும். தூக்கினால் விழுந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் எது, அதன்மேல் மிதக்கும் எண்ணெய் எவ்வளவு தடிப்பு என்று பக்கவாட்டில் பார்த்துவிடலாம்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். வரிசையில் என் பின்னால் நின்றவர் தமிழில் சொன்னார்: "மீன் வளர்க்கிறதுக்கோ எண்டு கேக்கிறார்." கிணறு பார்க்க என்றேன். அவர் அதைச் சொல்ல, அதிகாரி ஒரு வார்த்தை சொன்னார். "குனிஞ்சு பாத்தாலே தெரியுமேயாம்." இருவரும் சிரித்து என்னை விட்டுவிட்டார்கள்.

குழாய்க்காகக் காத்திருந்தவர் ரிஸ்வான். மூதூர்க்காரர், நிலவியல் படித்தவர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். கெட்டுப்போன நிலத்தைத் துப்புரவாக்கும் சிறு குழு ஒன்றை நடத்துகிறார். மோட்டார் சைக்கிளின் பின்னால் எப்போதும் ஒரு மண்வெட்டி கட்டியிருக்கும். பேச்சில் பாதி பகிடி, நம் ஊர்க் கேலி.

சீனன்குடா வீதியிலிருந்து ஓர் ஒழுங்கை, நம் ஊர்ச் சந்து, உள்துறைமுகத்தைப் பார்த்துச் சரிகிறது. தலைமாட்டில் ஒரு பாழ் வளவு, ஆளில்லாத மனை. படகு, லொறி, பட்டறை என்று எங்கெங்கோ கழிந்த எண்ணெயை வாங்கிச் சேர்த்து விற்ற ஒருவர் ஒருகாலத்தில் அங்கே இருந்தாராம். பீப்பாய்கள் இற்றுப்போயின, ஆளும் வளவை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார். எண்ணெய் மட்டும் போகவில்லை. மணலுக்குள் இறங்கி, நிலத்தடித் தண்ணீரின் மேல் ஏறிப் படுத்து, சரிவோடு மெல்ல நகர்ந்தது. ஒழுங்கையில் முதல் வீடு தர்மினியுடையது. அதற்குக் கீழே அவருடைய அக்கா வீடு. எதிர்ப்பக்கம் இன்னும் சில வீடுகள். எல்லாவற்றுக்கும் கீழே கண்டல் மரங்கள், அப்புறம் கடல்.

பாழ் வளவில் ரிஸ்வானின் ஆட்கள் கறுத்த மண்ணைத் தோண்டியெடுத்து, தார்ப்பாயின் மேல் பாத்திபோலப் பரப்பியிருந்தார்கள். மாட்டெருவும் வைக்கோலும் கலந்து, தண்ணீர் தெளித்து, அடிக்கடி புரட்டுகிறார்கள். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டாம்; அவற்றுக்குக் காற்றும் ஈரமும் கொஞ்சம் சாப்பாடும் கொடுத்தால் போதுமாம். நான் குனிந்து மோந்து பார்த்தேன். ஒரு பாத்தியில் பட்டறை வாசனை. இன்னொன்றில் தொழுவம். மூன்றாவதில், நம்புவீர்களோ என்னவோ, சாதாரண மழைமண். அதில் பயறு விதைத்திருந்தார்கள். "முளைச்சா மண் சுகம். முளைக்காட்டி அடுத்த வாரமும் மண்வெட்டி" என்றார் ரிஸ்வான். நான் பார்த்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை நீட்டியிருந்தது. வெட்கப்படுகிற பச்சை.

பிறகுதான் தர்மினி வீட்டுக் கிணற்றுக்கு வந்தோம். குழாயை இறக்கித் தூக்கினோம். தண்ணீருக்கு மேல் நகத்தின் தடிப்பில் தேன் நிறம்.

"கிணத்துக்கு வருத்தம், அக்கா" என்றார் தர்மினி. "போன மாரியோடை தொடங்கினது."

நான் நெகிழ்ந்துபோனேன். கிணற்றுக்கு வருத்தம்! நாற்பது வயதுப் பெண், புருஷன் கட்டாரில் வேலைக்கு, தனியாக வீட்டை நடத்துகிறவர், இவ்வளவு எளிதாக ஒரு கவிதை வரியைச் சொல்லிவிட்டாரே. எதை நினைத்து வருந்துகிறது என்று கேட்டேன். இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"அக்கா, எங்களுக்கு வருத்தம் எண்டா நோய்" என்றார் ரிஸ்வான். "காய்ச்சல், தடிமன் மாதிரி. கிணறு அழேல்லை."

"அழுதாலாவது நல்ல தண்ணி வருமே" என்றார் தர்மினி.

வைத்தியம் என்ன என்று பார்த்தால் அது தலையணை. இலவம் பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு: தண்ணீரை அண்டவிடாது, எண்ணெயை மட்டும் குடிக்கும். அதைப் பழைய மீன் வலைத் துண்டில் அடைத்துக் கட்டிக் கிணற்றில் மிதக்க விடுகிறார்கள். கறுத்து ஊறியதும் எடுத்துப் பிழிந்து, எண்ணெயை வேறாகச் சேர்த்துவிட்டு, மறுபடி இறக்குகிறார்கள். எண்ணெய் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் எடுக்க வேண்டும். அவசரப்பட ஏலாது.

அவசரப்படுவது எப்படி என்று அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். கிணற்றில் பூனை விழுந்தாலும் சரி, வெள்ளம் புகுந்தாலும் சரி, அங்கே ஒரே மருந்து இறைப்பு. ஒழுங்கையே கூடி, தரை தெரியுமட்டும் இறைத்து, சேறு அள்ளி, புதுத் தண்ணீர் ஊற விடுவார்கள். கூப்பிடாமலே வருவார்கள். வராவிட்டால்தான் கோபம். ஆனால் இந்த வருத்தத்துக்கு அந்த மருந்து ஆகாது. "கிணத்தைப் பள்ளமாக்கினா சுத்தியிருக்கிற எண்ணெயெல்லாம் பள்ளத்துக்குத்தானே ஓடிவரும்?" ரிஸ்வான் இதை ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

தர்மினி பின்னேரங்களில் இடியப்பம் அவித்து விற்றவர். அத்தான் வீட்டுத் தண்ணீரில்தான் மா குழைத்தார் என்றாலும் கதை பரவிவிட்டது. "எண்ணெய் இடியப்பம்" என்று சந்தியில் யாரோ பெயர் வைக்க, வாங்குகிறவர்கள் நின்றுபோனார்கள். மாரிக்கு முன் கிணற்றை மண் போட்டு மூடித் தருகிறோம் என்று உள்ளூர்ச் சபை சொல்லியிருக்கிறது. மூடினால் ஊர் நம்பும், குசினியில் மறுபடி நெருப்பு எரியும். ரிஸ்வானோ மழை வரும்வரை தாருங்கள் என்கிறார். "எனக்குக் கிணறும் வேணும், இடியப்பமும் வேணும்" என்றார் தர்மினி. "ரெண்டும் ஒண்டையொண்டு பாத்து முழிக்குது."

மறுநாள் பஞ்சு வாங்கக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். ரிஸ்வானுக்கு வேலை இருந்தது, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாலங்கள் வந்த பிறகு குடாவைச் சுற்றிப் போவது பஸ்ஸில் ஒரு நல்ல தூக்கம். மெத்தை தைக்கும் வீட்டில் மூக்கு முழுக்கப் பஞ்சோடு ஒருவர் இருந்தார். எத்தனை தலையணைக்கு என்று கேட்டார். கிணற்றுக்கு என்றேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. "கிணத்துக்கு எத்தினை தலை?" என்றார்.

அங்கே மத்தியானம் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் சோறு, கீரி மீன் குழம்பு, முருங்கையிலை வறை. நம் ஊரில் பொரியல் என்று உதிரியாக விடுவதை இங்கே தேங்காயோடு வறட்டி நெருக்கி வைக்கிறார்கள். மூன்று தரம் கேட்டு வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் கெட்டது. மூட்டையை ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஏதோ ஓர் ஆணியில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் காற்று உள்ளே வந்தது. பஞ்சு எழும்பியது. ஒரு கணத்தில் பஸ்ஸுக்குள் பனி. டிரைவரின் மீசையில் பஞ்சு, சாமிப் படத்து மாலையில் பஞ்சு, தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் வாயில் பஞ்சு. கொண்டக்டர் சிங்களத்தில் உரக்க ஏதோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்து இருக்கைப் பெண் எனக்குச் சொன்னார்: "நுவரெலியாக் குளிர் மலைக்கு டிக்கெட் எடுக்காத ஆக்கள் எல்லாம் இறங்கட்டாம்." பிறகு அந்தப் பெண்ணே தன் சால்வையை மூட்டையின் வாயில் சுற்றிக் கட்டினார். "ஆருக்கு மெத்தை?" கிணற்றுக் கதையைச் சொன்னேன். அவர் தன் மடியில் கிடந்த பஞ்சைப் பொறுக்கி, உருட்டி, ஜன்னலுக்கு வெளியே விடாமல் மூட்டைக்குள் போட்டார். பின்னாலிருந்தும் உருண்டைகள் கைமாறி வந்தன. இறங்கும்போது மூட்டை ஏறக்குறைய பழைய பருமனில் இருந்தது. கொஞ்சம் யார் யாருடையதோ தலைமுடியும் கலந்து.

மூன்றாம் நாள் காலை நகரத்தில் நடந்தேன். கடற்கரை வீதியில் மான்கள் சோற்றுப் பார்சல் சுற்றிய தாளை மென்றுகொண்டிருந்தன. எங்கள் ஊரில் மாடு செய்கிற வேலையை இங்கே புள்ளிமான் செய்கிறது. ஒன்றின் வாயிலிருந்து தாளை இழுக்கப் பார்த்தேன். அது என்னைவிட உறுதியாக இருந்தது. அப்போதுதான் ரிஸ்வானின் அழைப்பு. முதல்முறையாக அவர் குரலில் பகிடி இல்லை. "வாங்க. இறைச்சுப்போட்டாங்கள்."

பிடித்த முச்சக்கர வண்டி சீனன்குடா விமானத்தள வேலியருகே நின்றுபோனது. டிரைவர் இறங்கி அதன் வயிற்றைத் தட்டினார், கெஞ்சினார், கடைசியில் நானும் தள்ளினேன். போய்ச் சேர்ந்தபோது புடவை முழுக்க வியர்வை.

கிணற்றடியில் கணேசன் நின்றார். தர்மினியின் அக்கா புருஷன், கடல் தொழில் செய்கிறவர். முகத்தில் நல்ல காரியம் முடித்த களை. சாம்பல்தீவில் வெங்காயம் வைக்கும் கூட்டாளியிடமிருந்து தண்ணீர்ப் பம்ப் கொண்டுவந்திருக்கிறார். தர்மினி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, திரும்பி வந்ததும் திகைக்கட்டும் என்று, தன்னோடு கடலுக்கு வரும் ஆட்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அடிவரை இறைத்துவிட்டார்.

"தரை தெரிய இறைச்சனாங்கள், மச்சாள்" என்றார். "கண்ணாடி மாதிரித் தண்ணி ஊறும், இருந்து பாருங்கோ."

கோயிலிலிருந்து திரும்பியிருந்த தர்மினி கிணற்றை எட்டிப் பார்த்தார். ரிஸ்வான் குழாயை இறக்கித் தூக்கினார். நகத்தின் தடிப்பு போய் இப்போது இரண்டு விரல். தேன் நிறமும் போய்ப் புளிக்கரைசல் நிறம். பஞ்சை வைத்து வாரக்கணக்காக எடுத்ததற்கு மேல் ஒரே காலையில் வந்து சேர்ந்திருந்தது.

"உங்களுக்குச் சொல்லேல்லையோ, அண்ணை?" ரிஸ்வான் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆர் சொன்னது? நீங்கள் வீட்டுக்கு வந்த அண்டைக்கு நான் கடல்லை." கணேசனுக்குக் குரல் இறங்கிவிட்டது. "மனிசி சொன்னவள்தான். எண்ணெய் எடுக்கிற ஆக்கள் சொன்னவை, கிணத்திலை கை வைக்க வேண்டாமாம் எண்டு. நான் நினைச்சன், உங்களுக்கு ஆள் காணாதாக்கும் எண்டு."

கோபப்பட எனக்கு வாய் வந்தது. ஆனால் யார்மீது? பம்புக்கு எண்ணெய் ஊற்றியது அவர், விடிய எழும்பியது அவர், சேற்றில் இறங்கியதும் அவர். முழங்கால்வரை இன்னும் காயாத சேறு.

நான்காம் நாள் காலை உழவு இயந்திரம் பெட்டி நிறைய மண்ணோடு ஒழுங்கைக்குள் வந்தது. எண்ணெய் கூடிவிட்ட சேதி சபைக்கும் எட்டியிருந்தது. வந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "இனி என்னத்துக்கு, தங்கச்சி? மூடிவிடுவம். மாரி துவங்கினா இது மேலை வரும். நீங்கள் ஓம் எண்டாப் பெட்டியைச் சரிக்கிறன்."

தர்மினி ரிஸ்வானைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ. மூடினா எண்ணெய் எங்கை போகும்?"

ரிஸ்வான் குச்சியால் மணலில் சரிவை வரைந்தார். மேலே வளவு, நடுவே ஒரு வட்டம், கீழே இன்னொரு வட்டம். "கிணத்துக்குள்ளை மண் போட்டா எண்ணெய் சாகாது, அக்கா. இப்ப இது உங்கட கிணத்திலை வந்து தங்குது. நாங்கள் இதாலை எடுக்கிறம். இந்த வாசலை அடைச்சா அது சுத்திப்போட்டுக் கீழை போகும்." கீழ் வட்டத்தில் குச்சியை வைத்தார். அது கணேசன் வீட்டுக் கிணறு. தர்மினியின் கானுக்கும், நான் குடித்த தேநீருக்கும் தண்ணீர் தந்த கிணறு.

உழவு இயந்திரம் படபடத்துக்கொண்டிருந்தது. கணேசன் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப இவ்வளவு நாளும் மச்சாளின்ரை கிணறு எங்கட கிணத்தைக் காத்துக்கொண்டு நிண்டிருக்கு."

"ஓம்."

"நான் வந்து அதுக்கு வயிறு கழுவினனான்."

யாரோ சிரித்தார்கள். தர்மினிதான். வேண்டாவெறுப்பாக வந்த சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. "கழுவினது போதும் அத்தான். உந்தப் பம்பைக் கொண்டுபோய்க் குடுங்கோ முதல்."

மேற்பார்வையாளர் நேரத்தைப் பார்த்தார். மூடாவிட்டால் இடியப்பம் இல்லை. மூடினால் அக்கா வீட்டுத் தண்ணீர் போகும், தன் கானும் காலியாகும். தர்மினி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில் போய் நின்று காலால் ஒரு கோடு கிழித்தார்.

"மண்ணை இஞ்சை சரியுங்கோ. கிணத்துக்குள்ளை வேண்டாம், பக்கத்திலை. பொங்கல் வரைக்கும் பாப்பன். மாறாட்டி நானே தள்ளி மூடுறன். உங்களுக்கும் ரெண்டாந்தரம் டீசல் மிச்சம்."

அப்படிச் செய்ய வழக்கமில்லை என்றார் மேற்பார்வையாளர். கிணற்றுக்கு வலை போட்டு, ஒருவரும் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மழைக்கு முன் தானே வந்து பார்ப்பேன் என்றார். பெட்டி சரிந்தது. சிவப்பு மண் ஒரு சிறு மலையாகக் கிணற்றோடு தோள் உரசி நின்றது.

அன்று மத்தியானம் முழுக்கத் தலையணை கட்டினோம். வலை பின்னும் கை கணேசனுடையது. எங்கள் முடிச்சுகளைப் பார்த்து, "இதுக்குள்ளாலை திமிங்கிலமே போகும்" என்று அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் பஞ்சு அடைத்தேன். இடியப்பம் அவிக்கிறதென்றால் தங்கள் வீட்டுக் குசினிக்கு வரலாம் என்று அவர் இடையில் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பார்க்கிற சனம் பார்க்கட்டும், தண்ணீர் தன் கிணற்றுத் தண்ணீர், தான் சாட்சி என்றார்.

"அக்காவைக் கேட்டியளோ?"

"கேக்கேல்லை."

"ரெண்டு பேரும் ஒரு குசினியிலை நிண்டா நாலாம் நாள் உலை மூடி பறக்கும்" என்றார் தர்மினி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சற்றுக் கழித்து, "முதல் ஒரு கிழமை பாப்பம்" என்றார். ஊர் வாங்குமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது பஞ்சை அவர் அழுத்திய விதத்தில் இருந்தது.

மறுநாள் விடிய நான் கிளம்பினேன். தோழியின் குழாய் இனி ரிஸ்வானிடம். கிணற்றில் நாலு தலையணைகள் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தன. ஓரங்களில் அதற்குள் கறுப்பு ஏறியிருந்தது. மண்மேட்டின் உச்சியில் ஒரு கோழி குழி பறித்துப் படுத்திருந்தது. தர்மினி வாசல்வரை வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய பொதி, இன்னும் சூடு. உள்ளே பிட்டு, பஸ்ஸில்தான் பிரித்தேன்.

முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார். அடுத்த வருடம் வருகிறேன், வந்து கிணறு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன் என்றேன்.

"ஆரையும் கேக்காதேங்கோ" என்றார் தர்மினி. "ஒழுங்கையிலை நிண்டு இந்த மண் கும்பியைப் பாருங்கோ. அது இருந்தா நான் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறன்."

"இல்லாவிட்டால்?"

"ஒண்டில் கிணத்துக்குள்ளை போயிருக்கும். இல்லாட்டி ஆராவது வீடு கட்ட அள்ளியிருப்பினம். உள்ளுக்கு வந்து எட்டிப் பாருங்கோ."